வாரத்துக்கு இரண்டேகால் மில்லிமீட்டர் வளரும் தொடை

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 7 மணி 20 நிமிடம்.
வலது தொடை 62.4 சென்டிமீட்டர். இடது தொடை 61.9. இது இருபதாவது அளவு.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி, அத்தையின் இரத்த அழுத்தம், கடையிலுள்ள பழைய தையல் மெஷின் மூன்றும் போன மாதம் இருந்த நிலையிலேயே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். மாறியிருந்தால் பதிலில் எழுதுங்கள், தனியாக விசாரிக்கிறேன். இங்கே அம்மா நலம். நான் நலமா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கிறது. கை இரண்டும் துணியில் இருக்கும், புரிகிறது. ஆனால் போன தடவை, சைக்கிள் ஓட்டினால் தொடை பெருக்குமா என்று நான் உங்களைக் கேட்டதற்கு, கோட்டுக்குப் பொத்தான் மாற்ற வந்த யாரோ ஒருவர், "தம்பி, முதல்ல பால் குடிக்கிறத நிறுத்துப்பா" என்று பதில் சொன்னார். நான் பால் குடிப்பதில்லை. எனவே எழுத்து.

நான் மூன்று வருடமாக வேலைக்குச் சைக்கிளில் போகிறேன். போக 14 கிலோமீட்டர், வர 14. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு 60. அத்தனை உழைப்பும் கீழ்ப்பாதிக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. கண்ணாடியில் இடுப்புவரை பார்த்தால் ஒரு நூலகர் தெரிகிறார். இடுப்புக்குக் கீழே, அந்த நூலகத்தின் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போக வந்தவர் தெரிகிறார். இரண்டு பேரையும் யாரோ அவசரத்தில் ஒரு பெல்ட்டால் சேர்த்துக் கட்டின மாதிரி இருக்கிறது.

இது வெறும் மனக்குறையா, உண்மையா என்று தெரிய வேண்டாமா? நான் அளவுக்கருவிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். ஊரிலுள்ள தராசும் அழுத்தமானியும் வெப்பமானியும் எங்களிடம் வந்து, சரி என்று ஒட்டுச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்பிப் போகும். "சும்மா தோணுது" என்ற பேச்சுக்கே அங்கே இடம் கிடையாது. ஆகவே நவம்பர் முதல் தேதி முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து சரியாக 15 சென்டிமீட்டர் உயரத்தில் கறுப்பு மார்க்கரால் தொடையில் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் 7:20க்கு, சைக்கிள் ஏறுவதற்கு முன்னால், அந்தக் கோட்டின்மேல் டேப்பைச் சுற்றி அளக்கிறேன். குளிக்கக் குளிக்கக் கோடு மங்கும். மங்கினதை அழியவிடாமல், வாராவாரம் அளப்பதற்கு முன் அதன் மேல்விளிம்பை ஒட்டிப் புதுப்பித்துவிடுகிறேன். முறையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அம்மாதான் ஒருநாள் என்னைத் துண்டோடு பார்த்துவிட்டு, "என்னடா இது, அறுக்கப்போறாங்களா?" என்று கேட்டு அழத் தயாரானார். "அளக்கிறேம்மா" என்றேன். "எதுக்கு?" "வளருதான்னு பார்க்க." "உயரம் வளர வேண்டிய வயசுல சுவத்துல கோடு போட்டோம், அப்ப வளரல. இப்ப தொடையில போட்டுக்கிறியா" என்று போய்விட்டார். அறிவியலுக்கு வீட்டில் கிடைத்த ஆதரவு அவ்வளவுதான்.

முதல் அளவு 58.1. இன்று 62.4. பத்தொன்பது வாரத்தில் 4.3 சென்டிமீட்டர், அதாவது வாரத்துக்கு இரண்டேகால் மில்லிமீட்டர். கட்டத்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். ஸ்கேலை வைத்துக் கோடு கிழிக்கலாம், அவ்வளவு நேராக ஏறுகிறது. அதையே நீட்டினால், மாமா, என் இடுப்புச் சுற்றளவு 76 என்பதால், அடுத்த வருடம் மே மாதம் இரண்டாவது வாரத்தில் என் ஒரு தொடை என் இடுப்பைத் தாண்டும். தாண்டின பிறகு பேண்டை எந்த வழியாக மாட்டுவது என்பது உங்கள் துறை.

பேண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, போன மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தணிக்கைக்கு ஒரு அதிகாரி வந்தார், சிரிக்கவே தெரியாதவர், அவர் கீழ்வரிசையிலுள்ள அழுத்தமானியைக் காட்டி அளவு என்ன என்று கேட்க, நான் குந்தி உட்கார்ந்து படிக்கப் போக, டர்ரென்று ஒரு சத்தம், அழுத்தமானிதான் வெடித்துவிட்டது என்று அவர் இரண்டடி பின்னால் தாவ, என் மேலாளர் ஓடிவந்து மெயின் வால்வை மூட, நான் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி அளவைச் சொல்லிவிட்டு, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே நண்டு மாதிரி நகர்ந்து கழிவறைக்குப் போனேன். அறிக்கையில் "ஆய்வின்போது காரணம் கண்டறியப்படாத ஒலி" என்று அதிகாரி எழுதியிருக்கிறார். அதற்கு விளக்கம் கொடுக்க வேண்டியவனும் நான்தான். சரி, புதிதாக வாங்குவோம் என்று ஆயத்த ஆடைக் கடைக்குப் போனால், விற்பனையாளர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சார், உங்களுக்கு இடுப்புக்கு முப்பது சைஸ், தொடைக்கு முப்பத்தெட்டு சைஸ். ரெண்டு வாங்கிப் பிரிச்சு ஒண்ணாத் தச்சுக்குங்க" என்றார். முப்பத்தெட்டையே வாங்கினேன். பெல்ட்டை இறுக்கினதும் இடுப்பில் எல்லாம் சுருங்கி மூட்டைவாய் மாதிரி நிற்கிறது. "என்ன, அரிசி எத்தனை கிலோ?" என்று ஆய்வுக்கூடத்தில் தினமும் ஒருத்தராவது கேட்கிறார்.

எனக்கு மட்டும்தான் இப்படியா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் விசாரித்தேன். பேச்சை ஆரம்பிக்கும்வரை எல்லாரும் கம்பீரமாக இருந்தார்கள். ஆரம்பித்ததும் ஆளாளுக்குக் கொட்டினார்கள். வங்கிக் காசாளர் அக்காவுக்கு ஜீன்ஸ் தொடையில் நின்றுவிடுகிறது, மேலே ஏற மறுக்கிறது. கணக்கு வாத்தியாருக்குக் கால் தூண், கை முருங்கைக்காய். "கரும்பலகையில எழுதக் கையத் தூக்கினா பசங்க பாவம்னு பாக்கறானுங்க" என்றார். ஆனால் எங்கள் சைக்கிள் மெக்கானிக் அண்ணன் முப்பது வருடமாக எங்களைவிட அதிகம் ஓட்டுகிறவர். அவர் காலைப் பார்த்தால் கொசுவலைக் கம்பி. "எப்படிண்ணே?" என்று கேட்டேன். "நான் சைக்கிள் ஓட்டுறேன். நீங்கள்லாம் சைக்கிளோட சண்டை போடுறீங்க" என்றார். பதில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் எண் இல்லை. ஒரே சாலை, ஒரே மேடு. ஒருத்தருக்குத் தூணும் ஒருத்தருக்குக் கம்பியும் எப்படி வருகிறது? இதை யோசித்தால் எனக்கு வேலை ஓடுவதில்லை. நீங்கள் முப்பத்தைந்து வருடமாக ஊரார் கால்களை அளந்தவர். தபால்காரர், மூட்டை தூக்குகிறவர், நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறவர், எல்லார் அளவும் உங்கள் நோட்டில் இருக்கும். யாருக்குத் தொடை பெரிது? வயதாகும்போது குறைகிறதா? எழுதுங்கள். சமாதானம் வேண்டாம், எண் வேண்டும்.

அவசரம் ஏன் என்றால், நாளை அவள் வருகிறாள்.

அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாரே, அந்த நில அளவையாளர் பெண். இரண்டு வீட்டிலும் சரி என்றாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் நேரில் பார்த்து முடிவு சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஐந்து மாதமாக லேப்டாப்பில் பார்த்துப் பேசுகிறோம். அவள் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. நான் குறுக்கே பேசினால், "முடிச்சிட்டீங்களா, இப்ப நான் விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்கட்டுமா?" என்பாள். என் அவசரத்துக்கு இதுவரை யாரும் இவ்வளவு மரியாதையாகப் பூட்டுப் போட்டதில்லை. அவள் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது, மாமா. இந்தக் கடிதத்தில் எண் இல்லாத வாக்கியம் இது ஒன்றுதான், பெரிதுபடுத்த வேண்டாம்.

அவள் இதுவரை பார்த்தது நூலகரை மட்டும். ஐந்து மாதத்தில் ஒருதடவைகூட நான் அவள் முன்னால் எழுந்து நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டாள், சக்கரம் வைத்த மேசை நாற்காலியைக் காலால் உந்தி உருட்டிக்கொண்டே போய்க் காட்டினேன். வாசல்மணி அடித்தால் அம்மாவைக் கூப்பிடுகிறேன். ஒருநாள் பின்னாலிருந்த புத்தகத்தைக் கேட்டாள். எழுந்தால் எட்டும். "அது சுமாரான புத்தகம்" என்று சொல்லிச் சமாளித்தேன். போதாததற்கு அம்மா, இந்தக் காலத்தில் சைக்கிளில் போகிறான் என்றால் கௌரவமாக இருக்காது என்று, "கம்பெனி வண்டியிலதான் போறான்" என்று அவர்கள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். நாளை இது எல்லாம் ஒன்றாக எழுந்து நிற்கப்போகிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். சைக்கிளை நிறுத்துகிறேன். எங்கள் காவலாளிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து கம்பெனி வண்டியில் எனக்கு இடம், மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். நீங்கள் அக்டோபரில் எடுத்த அளவைக் கிழித்துப் போடுங்கள். கல்யாணம் என்று ஒன்று நடந்தால், அதற்குத் தைக்கும் பேண்டில் முன்னால் நாலு மடிப்பு வைத்து, திரைச்சீலை மாதிரி விழும்படி தையுங்கள். நாளை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள காபிக் கடையில் அவளுக்கு முன்பே போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவது என் திட்டம். அதற்குமேல் யோசிக்கவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் சின்ன மகளுக்குப் பரீட்சை நல்லபடி முடியட்டும், அவசரமாக எழுத வேண்டாம் என்று அவசரப்படுகிறவன் சொன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எனக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தேவை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகன்

பின்குறிப்பு: ஞாயிறு, மாலை 5 மணி 10 நிமிடம். தபால்பெட்டியில் போடப் பிந்திவிட்டது, நல்லதாயிற்று. மேலே எழுதினதை நம்ப வேண்டாம்.

அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கடைசி மேசை. வாசலிலிருந்து இருபத்திரண்டு அடி, நடுவில் மறைக்க ஒரு செடிகூட இல்லை. நடந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய் நின்றதும், "நடக்கிறீங்களே" என்றாள்.

"நடக்காம?"

"இல்ல... அஞ்சு மாசமா ஒரு தடவை எந்திரிக்கல. நாற்காலியில உருண்டு உருண்டு போனீங்க. வண்டியில கூட்டிட்டுப் போறாங்கன்னு உங்க அம்மா வேற சொன்னாங்க. கால்ல ஏதோ இருக்கு, சொல்லத் தயங்குறீங்கன்னு நினைச்சேன்."

"நினைச்சும் வந்தீங்களா?"

"வர வழியெல்லாம் ஒரு பேச்சுத் தயார் பண்ணிட்டு வந்தேன். நாலு மணி நேரம். எல்லாம் வீண்" என்று காபியைத் தள்ளி வைத்தாள். உண்மையிலேயே கோபம்.

எனக்கு உட்காரத் தோன்றவில்லை, மாமா. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள், கிழிந்த பேண்ட், மே மாதம் இரண்டாவது வாரம். கட்டத்தாளையும் எடுத்துக் காட்டினேன். சிரிக்காமல் முழுதாகப் படித்த முதல் ஆள் அவள்தான். படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "எல்லைக்கல் எது?"

"தொடையில கோடு."

"அழியாதா?"

"அழியும். மேல்விளிம்ப ஒட்டித் திரும்பப் போட்டுடுவேன்."

"மேல்விளிம்ப ஒட்டி. எத்தனை தடவை?"

"பத்தொன்பது."

கட்டத்தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "எங்க வேலையில இப்படிக் கல்ல நகர்த்தினா பக்கத்து நிலத்துக்காரர் அரிவாளோட வருவார்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அளந்தேன். முழங்காலிலிருந்து கோடு இப்போது 19.4 சென்டிமீட்டரில் இருக்கிறது. தொடை மேலே போகப்போகத் தடிமன் என்பது தொடை உள்ள எல்லாருக்கும் தெரியும். பழையபடி 15ல் வைத்து அளந்தால் 58.3. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், டேப்பின் பிழைக்குள் அடக்கம். தொடை பெரிதுதான், அது அப்படியே இருக்கிறது. ஏறினது கோடு. ஊர்த் தராசுக்கெல்லாம் ஒட்டுச்சீட்டு கொடுக்கிறவன் நான்.

இனிச் செய்யப்போவது:

1. கம்பெனி வண்டியில் மூன்றாவது வரிசை ஜன்னலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்வது. காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டு, அவருக்கு மெக்கானிக் அண்ணனிடம் ஒரு நல்ல பழைய சைக்கிள் பார்த்துத் தருவது.

2. கோடு ஏறின விஷயத்தை ஆய்வுக்கூடத்தில் மூச்சுவிடாமல் இருப்பது.

3. அடுத்த வாரம் உங்களிடம் நேரில் வந்து அளவு கொடுப்பது. நாலு மடிப்பு வேண்டாம். காலுக்கு ஏற்ற பேண்டாகத் தையுங்கள்.

4. தூணுக்கும் கம்பிக்கும் காரணம் கண்டுபிடிப்பது. அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. உங்கள் நோட்டை எடுத்து வையுங்கள்.

5. ரயிலில் நாலு மணி நேரம் தயார் செய்த அந்தப் பேச்சு என்ன என்று தெரிந்துகொள்வது. மூன்று தடவை கேட்டுவிட்டேன். கல்யாணம் முடிந்த அன்றைக்குத்தான் சொல்வாளாம்.