வாள்வீரனுக்கு ஆறடி, மந்திரவாதிக்கு ஆகாயம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், உங்கள் சம்பந்தியம்மா, என் மகளாகிய உங்கள் மருமகள், உங்கள் மகனாகிய என் மாப்பிள்ளை ஆகிய நால்வரும் உடலளவில் நலம். அங்கே தாங்களும், தங்களை வைத்துக்கொண்டிருக்கும் மூத்த மகள் குடும்பத்தாரும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் எங்கள் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு கிளம்பி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. பதினான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஆகவே கடிதம். போனை எடுக்காமல் இருக்கலாம், தபால்காரர் கையில் திணிப்பதை வாங்காமல் இருக்க முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் இருவரும் இரண்டு வருஷமாக உட்கார்ந்து உருவாக்கிய மேஜை விளையாட்டை வெளியிட ஒப்புக்கொண்ட நிறுவனம், இந்த மாதக் கடைசிக்குள் சோதனை அறிக்கை கேட்கிறது. முதலிலிருந்து ஆடிய அதே மூன்று பேர் கடைசி ஆட்டத்தையும் ஆடி முடித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மூன்றில் இரண்டு கையெழுத்து இங்கே தயாராக இருக்கிறது. மூன்றாவது உங்களுடையது. அது வராவிட்டால் இரண்டு வருஷ உழைப்பும் பரண்மேல் போய்விடும். உங்கள் மருமகள் இதைச் சொல்லி அழவெல்லாம் இல்லை, அவள் அந்த ரகம் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் நேற்றுச் சாயங்காலம் ஒரே ஒரு பகடையை எடுத்து அரை மணி நேரம் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பெற்றவனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவனுக்கு எதையும் முதலிலிருந்து எழுதினால்தான் பேனா ஓடும். மேஜையில் படத்தை விரித்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, மகள் கதை சொல்லச் சொல்ல நாம் என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவது, இதுதான் விளையாட்டு என்றாள். சரி, ஓய்வு பெற்ற இரண்டு கிழங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போக ஒரு வழி ஆயிற்று என்று நானும் தலையாட்டினேன். எனக்கு வாள்வீரன், உங்களுக்கு மந்திரவாதி, உங்கள் சம்பந்தியம்மாவுக்கு விளக்குப் பிடித்து முன்னால் நடக்கும் வழிகாட்டி. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். அதற்கு முன் ஆறு வருஷமாக நாம் இருவரும் பேசிய பேச்சை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம், வெயில் அதிகம் என்பீர்கள், ஆமாம் அதிகம் என்பேன், அவ்வளவுதான். விளையாட்டு வந்த பிறகு நீங்கள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு எட்டேகாலுக்கே வந்து நிற்பீர்கள். நானும் ஏழரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை இப்போதுதான் எழுத வாய்த்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை அதன் பிறகுதான். முதல் ஆட்டத்தில் ஒரு பூட்டிய கதவு. உடைப்பது வாள்வீரன் வேலை. நான் தோளைக் கொடுத்தேன், இருபது முகப் பகடையில் பதினைந்துக்கு மேல் விழ வேண்டும், நாலு விழுந்தது, தோளில் அடி. நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு விரலைத் தூக்கினீர்கள், கதவு திறந்துகொண்டது. இரண்டாவது ஆட்டத்தில் ஒரு பள்ளத்தாக்கு. நான் கயிற்றை எடுத்து, முடிச்சின் உறுதியைச் சோதித்து, மரத்தின் சுற்றளவை மகளிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோதே நீங்கள் எல்லோரையும் பறக்கவைத்து அக்கரையில் இறக்கிவிட்டீர்கள். என்னையும் சேர்த்து, கயிறும் கையுமாக. மூன்றாவது ஆட்டத்தில் பன்னிரண்டு கொள்ளைக்காரர்கள். நான் வாளை உறையிலிருந்து உருவி முடிப்பதற்குள் பன்னிரண்டு பேரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். "நீங்க வேணா அவங்க செருப்பை எல்லாம் வரிசையா வைங்க," என்றாள் உங்கள் சம்பந்தியம்மா. வேறு வேலை இல்லாததால் வைத்தேன்.

நான்காவது ஆட்டத்தில் ஓர் ஓடை. அதைத் தாண்டுகிறேன் என்றேன். அகலம் எட்டடி.

"ஆறடிதான்ப்பா தாண்ட முடியும்," என்றாள் மகள்.

"ஏன்?"

"வாள்வீரனும் மனுஷன்தானே. கவசம் வேற போட்டிருக்கான். நிஜத்துல எப்படித் தாண்டுவான்?"

"மாமா மட்டும் மலை மேல பறக்கிறாரே?"

"அது மந்திரம்ப்பா. அதுக்கு எப்படி அளவு சொல்றது?"

சம்பந்தி, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். அந்த ஊரில் கதவு பேசுகிறது. ஆற்றில் இருக்கும் மீன் வழி கேட்டால் சொல்கிறது. அப்பேர்ப்பட்ட ஊரில் என் ஒருவன் முழங்கால் மட்டும் உண்மையாக இருக்க வேண்டுமாம். ஊரெல்லாம் பொய், வாள்வீரனுக்கு மட்டும் வாத நோய். அன்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன், எனக்கு அது உள்ளே எங்கோ தைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் சும்மா இருக்கப் பழகிக்கொள்கிறான். விளையாட்டிலும் ஓய்வு பெற்றவனாக, உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால்தான் அந்தச் சோதனையை வைத்தேன். அது உங்களை அவமானப்படுத்த அல்ல, என் தொழில் புத்தி. ஒரு லிஃப்டில் எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் நாங்கள் அதை நம்ப மாட்டோம். இரும்புக் கட்டிகளை ஏற்றி, எழுதியதற்கு ஒன்றேகால் பங்கு சுமையை வைத்துப் பார்ப்போம், கயிறு தாங்குகிறதா என்று. அதற்கு மேலும் ஏற்றினால் மணி அடிக்க வேண்டும், கதவு மூடக் கூடாது. மணி அடிக்காத லிஃப்டில் நான் என் எதிரியைக்கூட ஏற்ற மாட்டேன். ஆகவே ஐந்தாவது ஆட்டத்தில் உங்கள் மந்திரவாதியின் மேல் சுமை ஏற்றினேன். ஆற்றைத் திருப்ப முடியுமா என்றேன். "ஆகட்டும்," என்றீர்கள். செத்த குதிரையை எழுப்ப முடியுமா என்றேன், எழுப்பினீர்கள். மலையை இரண்டடி தள்ளி வைக்கச் சொன்னேன், எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டீர்கள். ராஜாவின் மனம், சேனாபதியின் பல்வலி, போன வருஷத்து மழை, எதையும் விடவில்லை. பதினோரு மந்திரம் ஆயிற்று. மணி அடிக்கவே இல்லை. மாப்பிள்ளை எழுதிக்கொண்டிருந்த பேனாவில் மை தீர்ந்துபோனது, உங்களுக்கு ஒன்றும் தீரவில்லை.

அப்போதுதான் நான் பேச்சை எடுத்தேன். மரியாதையாகத்தான் எடுத்தேன் என்று நினைவு.

"சம்பந்தி, உங்க ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு மந்திரம்னு வச்சுக்கலாமே. காலை, மதியம், சாயங்காலம். நீங்க அட்டையில எழுதிக் குடுக்காததா?"

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வாழ்நாளெல்லாம் இருந்தவர் நீங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னவர். நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்றுதான் இருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் உங்கள் கைவிரல்களைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"முப்பத்தாறு வருஷம் மாத்திரை எண்ணியிருக்கேன். தூக்கத்துலகூட இந்த விரல் எண்ணும்னு அவ சொல்லுவா, இருந்தவரைக்கும். இங்க ஒரு இடத்துலயாவது எண்ணாம இருக்க விடுங்களேன்."

அதை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஆய்வு நடக்கும்போது ஆய்வாளன் காது கொஞ்சம் மந்தம்.

பிறகு நடந்தது ஸ்டிக்கர் விவகாரம். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்திலிருந்து ஞாபகார்த்தமாக ஒரு சுருள் எடுத்து வந்திருந்தேன், பழுதான லிஃப்டில் ஒட்டுவது, சிவப்பில் "பழுது. ஏறாதீர்கள்" என்று இருக்கும். சோதனையில் தேறாததற்கு ஒட்டுவது முறை என்பதால், உங்கள் மந்திரவாதியின் விவரத் தாளில் ஒன்று ஒட்டலாம் என்று உரித்தேன். தாள் எங்கே என்று தேடுவதற்காக அதை உங்கள் நாற்காலியின் சாய்வில் ஒரு நொடி ஒட்டி வைத்தேன். நீங்கள் சாய்ந்தீர்கள். என் குற்றம் இவ்வளவுதான். உங்கள் முதுகில் அது இருந்தது எனக்குத் துளியும் தெரியாது, உங்கள் சம்பந்தியம்மா சாட்சி. மூன்று மந்திரப் பேச்சில் கோபித்துக்கொண்டு, டீயை மட்டும் குடித்துவிட்டுச் சாயங்காலமே மூத்த மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறீர்கள். வழியில் ஜனங்கள் தள்ளி நின்று இடம் விட்டதை மரியாதை என்று நினைத்து மகிழ்ந்தீர்களாம். மூத்த மகள் வாசலில் வைத்துத்தான் உரித்தாராம். அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். நான் நிஜமாகவே வருந்துகிறேன்.

இப்போது உங்களுக்கு என் உறுதிமொழிகள். ஒன்று, உங்கள் மந்திரவாதியை இங்கே யாரும் தொடவில்லை, தாள் கண்ணாடி அலமாரியில் அப்படியே பத்திரமாக இருக்கிறது. இரண்டு, நான் வாள்வீரன், உயிரே போனாலும் வேறு பாத்திரம் எடுக்க மாட்டேன். அதேசமயம் ஒரு நாளைக்கு மூன்று மந்திரம் என்பதிலிருந்து ஓர் அங்குலமும் இறங்க முடியாது, அது பொதுநன்மை. நீங்கள் வந்து உங்கள் இடத்தில் உட்கார வேண்டும், மூன்றுக்குக் கட்டுப்பட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், மந்திரவாதிக்கும் ஓரிரண்டு தரம் சறுக்கினால்தான் பின்னால் வருகிறவன் பிடிக்க முடியும். பிடிக்க ஆள் தேவைப்படாதவனோடு எத்தனை நாள் ஊர் சுற்றுவது?

மூத்த மகளுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் எங்கள் அன்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தாங்கள் வயதில் என்னைவிட எட்டு மாதம் பெரியவர் என்பதால் தங்களுக்கு என் வணக்கத்தையே மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன். இரத்த அழுத்த மாத்திரையை எண்ணித்தான் சாப்பிட வேண்டும், அதில் மந்திரவாதித்தனம் வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்
சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடும் முன் உங்கள் சம்பந்தியம்மா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "சாட்சின்னு என் பேரைப் போட்டா, நிஜத்தையும் போடுங்க," என்றாள். போடுகிறேன். நீங்கள் வாசலில் குனிந்து செருப்பு மாட்டும்போதே முதுகில் ஸ்டிக்கரைப் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன், பதினோரு மந்திரம் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். மன்னிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கடைசி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தால் நீங்கள் வந்து சேர்ந்துகொள்வீர்கள் என்று பிள்ளைகள் போன ஞாயிறு தொடங்கினார்கள். மந்திரவாதி இல்லாமல் கதை நகராது என்பதால் அலமாரியைத் திறந்து உங்கள் தாளை நான் எடுத்துக்கொண்டேன். யார் எந்தப் பாத்திரம் என்பதில் நிறுவனத்துக்குக் கவலை இல்லையாம், ஆள் அதே ஆள்தானா என்பதுதான் கணக்காம். ஒரு நாளைக்கு மூன்று மந்திரம், நான் கேட்டு வாங்கிய விதி. காலையிலேயே மூன்றும் தீர்ந்துவிட்டது. ஒன்றில் ஆறிப்போன டீயைச் சூடாக்கினேன். ஒன்றில் தூறலை நிறுத்தினேன். மூன்றாவதில் பறந்தேன், சம்பந்தி. எங்கும் போக வேண்டியதில்லை, சும்மா பறந்தேன். எண்ணாமல் இருக்க விடுங்கள் என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. மூன்று என்ற விதியைக் கிழித்துப் போடு என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "சோதனை பண்ணினது நீங்க, கையெழுத்தும் உங்களோடது," என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் வாள்வீரனுக்கு அவள் புது விதி எழுதியிருக்கிறாள். அவன் இருபதடி தாண்டலாம். கதவை உடைக்கப் பகடை வேண்டாம், தோளைக் கொடுத்தால் போதும். வாளுக்கு எண்ணிக்கை கிடையாது, நாள் முழுக்க வீசலாம், எத்தனை தரம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இனி எண்ணுகிற வேலை மந்திரவாதியுடையது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். வாள் உங்களுக்கு.

சீக்கிரம் கிளம்புங்கள். இங்கே பூட்டிய அறை ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறோம், தண்ணீர் முழங்கால் வரை ஏறியிருக்கிறது, உங்கள் சம்பந்தியம்மா விளக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், என்னிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. நீங்கள் வந்து அந்தக் கதவை உடைக்க வேண்டும்.