நரைமீசைக்கு எதிராக ஒரு தீர்மானம்

அன்று மாலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் டி.வி. ஓடக் கூடாது என்று காலையிலேயே தீர்மானம் நிறைவேற்றினேன். ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்தவன் நான் ஒருவன்தான்.

கூட்டம் செல்ல இத்தனை பேர் வேண்டும் என்கிற கோரம் இல்லையே என்பீர்கள். ஆலை மூடுவதற்கு முன் எங்கள் தொழிற்சங்கம் கூட்டிய கடைசிப் பொதுக்குழுவிலும் கோரம் இல்லை. பார்க்கத்தான் கோரமாக இருந்தது.

நாற்பது வருடம் ஆலை வாசலில் நின்று பேசியவன் நான். கல்லூரிப் படியை மிதித்ததில்லை. துண்டுப் பிரசுரம் படித்து வளர்ந்து, துண்டுப் பிரசுரம் எழுதி நரைத்தவன். மூன்று முதலாளிகளை எதிர்த்து நின்றிருக்கிறேன். இந்த வயதில் என்னைத் தோற்கடிக்க வந்தவன் ஒரு போலீஸ்காரன். அதுவும் பொய்ப் போலீஸ்காரன். தொடரில் வருகிறவன்.

பெயர் எதற்கு? எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயர் நரைமீசை. அவனோடு துப்புத் துலக்க ஒரு பெண் அதிகாரி. அவள் பெயர் இன்ஸ்பெக்டரம்மா. எட்டு வருடமாக ஒரே ஜீப்பில் போகிறார்கள். ஒருவரை ஒருவர் "பார்ட்னர்" என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். விரல் நுனி கூடப் பட்டதில்லை. ஆனால் ஒருவர் பார்வையில் மற்றவர் எரிகிறார். மின்சாரம் வீணாவது எங்கள் வீட்டில்.

கதை இப்போது முற்றிவிட்டது. விசாரணையில் நரைமீசை ஆத்திரப்பட்டு ஒருவனைத் தள்ளிவிட்டான். அவன் மண்டை உடைந்தது. பார்த்த ஒரே சாட்சி இன்ஸ்பெக்டரம்மா. "நான் எதையும் பார்க்கவில்லை" என்று அவள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அவன் தப்பிப்பான். போடுவாளா, மாட்டாளா என்பது அன்றைக்குக் கடைசிப் பகுதியில் தெரிய வேண்டும்.

என் மனைவிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மாவும் அவளும் மாடிப்படியில் உட்கார்ந்து வாதாடுவார்கள்.

"போட்டா சத்தியம் போகும்க்கா."

"போடலன்னா அவரு போவாரு."

"அவ மனசுல அவரு இருக்காரே!"

"அதனாலதாண்டி கை நடுங்குது."

எத்தனையோ பேச்சுவார்த்தைகளை முடித்து வைத்த நான் கீழ்ப்படியில் நிற்கிறேன். என் கருத்தை ஒருத்தியும் கேட்கவில்லை.

பொறாமை என்று நினைக்காதீர்கள். அது முழுக்க முழுக்கக் கொள்கைப் பிரச்சினை. ஒரு நாள் நரைமீசை, மழையில் நனைந்துகொண்டே இன்ஸ்பெக்டரம்மாவிடம், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

"அவரு கேட்டாருங்க."

"ஏன், நான் கேட்டதில்லையா?"

"நீங்க 'சாப்பாடு ஆச்சா'ன்னு கேப்பீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

"ஒண்ணா? நீங்க கேக்குறது சாப்பாட்டப் பத்தி. அவரு கேட்டது அவளப் பத்தி."

சொல்லிவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். நூல் சுற்றும் பிரிவிலிருந்து கூட்டத்துக்கு வந்து, மூன்றாவது வரிசையில் நின்று, நான் பேசப் பேச என்னையே பார்த்த முகம். அந்த முகத்துக்காகவே அன்று இருபது நிமிடம் கூடுதலாகப் பேசினேன். பிறகு அதை வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, மற்ற முகங்களைத் திரட்டப் போய்விட்டேன். திரட்டிய முகங்களில் பாதி கருங்காலியாகிவிட்டது, மீதி செத்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், என் முகம் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே தீர்மானம். கடைசிப் பகுதியன்று டி.வி.யை முடக்குவது. அந்த அரை மணி நேர அமைதியில், நரைமீசை கேட்ட அதே கேள்வியை நான் கேட்பது.

காலை பதினொரு மணிக்கு அவள் கடைக்குப் போனதும் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். சிக்கல் என்னவென்றால் என் தொண்டைக்கு ஒரே அளவுதான். ஆயிரம் பேருக்குக் கேட்கிற அளவு.

"நீ சாப்பிட்டியா!"

கோஷம் போல இருந்தது. குறைத்தேன்.

"நீ... சாப்பிட்டியா!"

மிரட்டல் போல இருந்தது. பதினாலாவது தடவை கொஞ்சம் கனிந்து வந்தபோது மாடியிலிருந்து தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நான் அப்பவே சாப்பிட்டாச்சு! எதுக்கு இத்தனை தடவ கேக்குறீங்க? வீட்டுல மிச்சமாயிருச்சா?"

ஜன்னலைச் சாத்தினேன்.

நாலு மணிக்கு என் மனைவி பித்தான் தைத்துக் கொடுக்க மாடிக்குப் போனாள். டி.வி.க்குப் பக்கத்திலிருக்கும் செட்-டாப் பாக்ஸுக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரைப் பிடுங்கினேன். யாரும் கை வைக்காத இடம் எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு: நான் எழுதிய பிரசுரங்களின் கட்டு. அதற்குள் செருகினேன்.

ஏழு இருபத்தெட்டு. அவள் ரிமோட்டை அமுக்கினாள். திரை கறுப்பு. இன்னொரு முறை அமுக்கினாள். கறுப்பு.

"கரண்ட் போயிருச்சு போல" என்றேன்.

அவள் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். அது சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து பெட்டிக்குப் பின்னால் குனிந்தாள். தூசியைப் பார்த்தாள். தூசியில் விரல் தடத்தைப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அடாப்டரக் காணோம்."

"கம்பெனிக்காரன் எடுத்துட்டுப் போயிருப்பான்."

"வீட்டுக்குள்ள வந்தா?"

"முதலாளிங்க எதுவும் செய்வாங்க."

"நாலு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"படிப்பகத்துல."

"இன்னிக்குப் படிப்பகம் லீவு."

"வாசல்ல நின்னு படிச்சேன்."

"என்ன படிச்சீங்க?"

"'இன்று விடுமுறை'ன்னு."

லாக்கப்பில் மூன்று நாள் வைத்துக் கேட்டபோதும் என் வாயிலிருந்து ஒரு தோழனின் பெயர் வந்ததில்லை. அதை அவளிடம் கம்பீரமாக நினைவுபடுத்தினேன்.

"அவங்களுக்கு உங்களப் பத்தித் தெரியாது" என்றாள். "காலையில பதினொரு மணிக்கு மாடிக்காரிகிட்ட எதுக்குப் பதினாலு தடவ சாப்பிட்டியான்னு கேட்டீங்க?"

"அவகிட்ட யாரு கேட்டா!"

"பின்ன யாருகிட்ட?"

"உன்கிட்ட!"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். டி.வி.யைப் பார்த்த நாற்காலியில் இல்லை. என் எதிரே இருந்ததில்.

"சரி, கேளுங்க."

நாற்பது வருடக் குரல் அந்த நேரம் பார்த்து வேலைநிறுத்தம் செய்தது. காற்றுதான் வந்தது.

"நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஏம்மா?"

அவள் தன் வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நரைமீசைக்காகத் தவிக்கிறேன்னு நினைச்சீங்களா? எனக்கு அந்தப் பொண்ணப் பத்தின கவலைங்க. அவ போடப்போற கையெழுத்த நான் எப்பவோ போட்டாச்சு."

"என்ன கையெழுத்து?"

"ஆலை வாசல்ல காவலாளி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுதே, முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி. உங்களப் புடிச்சுட்டுப் போன மறுநாள் இன்ஸ்பெக்டர் இங்க வந்தாரு. அந்த நேரத்துல இவரு காய்ச்சல்ல வீட்டுல படுத்திருந்தாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

அந்த வழக்கை நான் இருநூறு மேடையில் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நாள் லாக்கப்பில் நான் ஆற்றிய உரையைக் கேட்டுத்தான் இன்ஸ்பெக்டர் என்னை விட்டுவிட்டார். இதற்குத் தனிப் பிரசுரமே உண்டு. இரண்டாம் பதிப்பும் வந்தது.

"என்னை விட்டது என் பேச்சுக்காக!" என்றேன். "நான் அங்கதான் நின்னேன்னு அவர் மூஞ்சிக்கு நேரா கர்ஜிச்சேனே!"

"ஆமா. அதையும் வந்து கேட்டாரு. உங்க வீட்டுக்காரரு அங்க இருந்தேன்னு கத்துறாரேம்மான்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"காய்ச்சல் வந்தா அவரு பிதற்றுவாருன்னு சொன்னேன்."

பிதற்றல் இரண்டு பதிப்பு வந்திருக்கிறது.

"அவங்க ரெண்டு பேரும் எட்டு வருஷமா ஒரே ஜீப்புல போறாங்க" என்றாள், கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டே. "நடந்தது என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதனால ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்க முடியுது. நான் பொய் சொன்னேன். அது எந்த உண்மைய மறைக்கன்னு உங்க வாயால ஒரு நாளாவது சொன்னீங்களா? அன்னிக்கு அந்தக் காவலாளியத் தள்ளினது யாரு?"

"கூட்டம் தள்ளுச்சு."

"கூட்டத்துக்குக் கை கிடையாதுங்க."

"வரலாறு..."

"அதுக்கும் கிடையாது."

அந்த மனிதர் எங்களுக்கு எதிரியே இல்லை. கேட்டைப் பூட்டச் சொன்னார்கள், பூட்டினார். சாவியைத் தர மறுத்தார். எனக்குப் பின்னால் ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் இவள் இல்லை. இருந்திருந்தால் கையை ஓங்கியிருக்க மாட்டேன் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். இவளிடம் மட்டும் சொன்னதில்லை.

"நான்தான்" என்றேன். "நான்தான் தள்ளினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் பார்த்த பார்வை இல்லை அது. ஆனால் வேறு யாரையும் அப்படி அவள் பார்த்து நான் கண்டதில்லை. நரைமீசையைக்கூட.

"இதக் கேக்க இத்தனை வருஷம்" என்றாள்.

"நீயே கேட்டிருக்கலாமே."

"எப்பக் கேப்பேன்? நீங்க வீட்டுல எப்ப இருந்தீங்க?"

நானே போய்ப் பிரசுரக் கட்டைப் பிரித்து அடாப்டரை எடுத்து அவள் கையில் வைத்தேன். நிபந்தனையற்ற சரணாகதி.

"இன்னும் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கு. பாரு."

அவள் அதைச் செருகவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம். அவ போட்டாலும் நிம்மதியாத் தூங்க மாட்டா. போடலன்னாலும் தூங்க மாட்டா. எனக்குத் தெரியாதா?"

எத்தனை வருடம் என் பக்கத்தில் படுத்து அவள் தூங்காமல் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். மேலே வைக்கத் துணிவில்லை. அவளும் எடுத்துவிடவில்லை.

"நாளைக்குக் காலையில அந்தக் காவலாளியப் போய்ப் பாக்கணும்" என்றாள். "நீங்களே நேர்ல மன்னிப்புக் கேக்கணும்."

"நீயும் வர்றியா?"

"பார்ட்னர்னா வராம?"

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். நாலு நிறுத்தம்தான். அவள் ஜன்னலோரம். நான் பக்கத்தில். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல் போதுமானதாக இருந்தது. இன்னும் நாற்பது நிறுத்தம் இருக்கக் கூடாதா என்று தோன்றியது. டிரைவர் அன்றைக்கென்று வேகமாக ஓட்டினான்.

காவலாளி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது. இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். என்னைக் கண்டதும் எழுந்தார். கடைத்தெருவில் எப்போது எதிர்ப்பட்டாலும் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "நல்லா இருக்கீங்களா தலைவரே" என்று கேட்டு ஒதுங்கி வழி விடுகிறவர். அந்த மரியாதைக்கு எனக்குத் தகுதியில்லை என்று முதல்முறையாக உணர்ந்தேன்.

பஸ்ஸில் தயாரித்த உரையில் முன்னுரை, பின்னணி, சூழ்நிலை எல்லாம் இருந்தன. எதுவும் வரவில்லை.

"அன்னிக்கு உங்களத் தள்ளினது நான்தான். என்னை மன்னிச்சிருங்க."

அவர் என்னையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தலைவரே, இத்தனை வருஷம் கழிச்சு மறுபடியும்! அதான் அப்பவே கேட்டாச்சே?"

"யாரு கேட்டது?"

"அம்மாதான். நான் ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தப்ப வந்தாங்களே. நீங்கதான் தள்ளினீங்க, உங்க சார்பா மன்னிப்புக் கேக்குறேன்னாங்க. அதனாலதான் போலீஸ்காரங்க கேட்டப்ப, ஆள் அடையாளம் தெரியலன்னு சொல்லிட்டேன்."

நான் திரும்பினேன். என் பார்ட்னர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் நேற்று மாலை அவள் என்னிடம் கேட்டது கேள்வியே இல்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நடத்திய விசாரணை.

"எனக்கு அப்ப கோவம்தான்" என்றார் காவலாளி. குரலைத் தாழ்த்தினார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. முப்பத்தோரு வருடமாக நான் மரியாதை என்று நினைத்திருந்த அதே சாய்வு.

"ஆனா லாக்கப்புல நீங்க குப்புறப் படுத்துக்கிட்டு மூணு நாளா 'அம்மா, அம்மா'ன்னு அழறீங்கன்னு இவங்க சொன்னாங்க பாருங்க, அதான் மனசு கேக்கல."