சுலோசனாவின் பெருமூச்சு

"எப்போங்க நம்ம ஊருக்குத் திரும்புவோம்?"

"சீக்கிரமே மாற்றல் வாங்கிடறேன். நீ முதல்ல கண்ணைத் துடை."

கல்யாணமான புதிதில், கல்கத்தாவில் வந்து இறங்கிய அன்று ஹவுரா ஸ்டேஷனில் பெட்டிமேல் உட்கார்ந்து சுலோசனா அழுதபோது நடந்த பேச்சு அது. பத்து வருஷமாகியும் உத்தமன் அதை மறக்கவில்லை.

துறைமுக அலுவலகத்தில் அவன் எஞ்சினியர். ஆற்று வண்டலைப் பற்றிய அவனுடைய ஆய்வறிக்கை பூஜை விடுமுறைக்கு முன் போய்ச் சேர்ந்தால், சென்னையில் ஒரு பதவி கிடைக்கும். ஆற்றையும், சாயங்கால டீக்கடை அரட்டையையும் விட்டுப் போக அவனுக்கே மனசில்லை. ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே.

அறிக்கை முழுக்கச் சமன்பாடுகள். டாக்குரியா பகுதியில் அவர்கள் வீட்டில் இருந்ததோ அலுவலகம் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்.

முதலில், எல்லோரும் புகழ்ந்த புது விண்டோஸ் மென்பொருளைப் போட்டான். ஒரு வர்க்கமூலக் குறி திரைக்கு வந்து சேர்வதற்குள் காபி ஆறிப்போனது. இரண்டாவது குறிக்குக் கம்ப்யூட்டரே நின்றுவிட்டது. பின்னாலிருந்து சுலோசனா பெருமூச்சு விட்டாள். பாவம், ஊர் ஏக்கம் என்று அவனுக்கு மனசைப் பிசைந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் தபனிடம் மெமரியைக் கூட்டச் சொன்னான். உத்தமன் அலுவலகம் போயிருந்த பகலில் தபன் வந்து போனான். அதற்குப் பிறகும் அதே ஆமை வேகம்தான்.

அடுத்தது, பழைய டாஸ் மென்பொருள். விறுவிறுவென்று ஓடியது. ஆனால் திரையில் சிக்மாவாக நின்றதெல்லாம் காகிதத்தில் கேள்விக்குறியாக இறங்கியது. வண்டல் எவ்வளவு என்று சொல்லவேண்டிய அறிக்கை, பக்கம் பக்கமாக அவனையே கேள்வி கேட்டது. சுலோசனா மறுபடி பெருமூச்சு விட்டாள். அன்றைக்குப் பாயசமும் வைத்தாள், ஆறுதலுக்காம்.

கடைசியில் ஒரு நண்பன், டெக்ஸ் என்ற மென்பொருளை ஒரு கட்டு ஃபிளாப்பியில் கொடுத்தான். எல்லாவற்றையும் கட்டளையாக எழுதவேண்டும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் பக்கம் வராது. ஆனால் கிழட்டுக் கம்ப்யூட்டரே அதற்குப் போதும். ஒரு ஞாயிறு மாலை, அச்சிட்ட புத்தகம் மாதிரி முதல் பக்கம் திரையில் விரிந்தது.

"சுலோ, வந்து பாரு. இந்தப் பொங்கல் சென்னையிலதான்."

அவள் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன.

மறுநாள் மாலை பிரிண்டர் கடகடவென்று சத்தம் போட்டது. காகிதம் மட்டும் வெள்ளையாகவே வந்தது. விடிந்தால் கடைசி நாள். கட்டளையில் எங்கோ தப்பு என்று அவன் திரையைத் துழாவித் துழாவி அலுத்துப்போய், தபனைக் கூப்பிட்டான்.

லேக் மார்க்கெட் போயிருந்த சுலோசனா, கீழ்வீட்டு அம்மாளோடு வங்காளியில் வாயாடிக்கொண்டே படியேறி வந்தாள். தபனைப் பார்த்ததும் முருங்கைக்காய்ப் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தபன் பிரிண்டர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். உத்தமனை 'தாதா', அதாவது அண்ணன், என்றும் அவளை 'பௌதி', அதாவது அண்ணி, என்றும்தான் அந்தத் தெருவே கூப்பிடும், அவனும் அப்படித்தான்.

"மை ரிப்பன் இல்லாம எப்படி அடிக்கும், தாதா? காலையில பௌதிதானே கழட்டிக் கொடுத்தாங்க, நீயே வச்சுக்கோன்னு. அன்னிக்கு நான் கொண்டுவந்த மெமரியையும் வேண்டாம்னு அவங்கதான் திருப்பி அனுப்பினாங்க."

உத்தமன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததைச் சுலோசனா அப்போதுதான் வெளியே விட்டாள்.

"மாற்றல் கேட்டு அழுதது நான்தாங்க. இப்போ நானே கேக்கறேன்... நாம இந்த ஊர்லயே இருந்துடலாமா?"