தண்ணீர் லாரியில் வந்த ஆவி

பாலைவனத்தில் ஆவிகள் விளக்கேற்றிக்கொண்டு உலவுகின்றன என்ற செய்தி பரவியதும், ஆளரவமே இல்லாத அந்த மணல்மேட்டில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போயிற்று. பொழுது சாய்ந்தால் போதும். அடிவானத்துக்குச் சற்று மேலே வெள்ளை வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக மிதந்து வரும், நடுங்கும், மறையும். மக்கள் கைகூப்பி நிற்பார்கள்.

அந்த வெளிச்சங்களின் மொழி தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அதையும் அவரேதான் சொன்னார். ‘ஒளி ஐயா’ என்று பெயர். முன்பு பழைய கார் விற்றவர். ஓடாததை ஓடும் என்று நம்பவைத்த அனுபவம் இங்கே கைகொடுத்தது. கூடாரம், மைக், காணிக்கைப் பெட்டி எல்லாம் தயார். செத்தவர் யார் என்று சொன்னால், எந்த வெளிச்சம் உங்களுடையவர் என்று விரல் நீட்டிக் காட்டுவார்.

தினமும் அங்கே போனவர்களில் ஒருத்தி தையற்காரி. கணவன் போன வருடம் விபத்தில் இறந்துவிட்டான். “நீ ஊசி எடுத்தா அவர் கண்ணுல குத்துதாம். கடையை மூடிட்டு இங்க வந்து சேவை செய்யச் சொல்றார்” என்றார் ஒளி ஐயா. மூடிவிட்டாள். கூடாரம் பெருக்குவது அவள் வேலையாயிற்று. ஆவிக்கு ஏது கண் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. துக்கத்தில் இருப்பவளுக்குக் கேள்வி எப்படி வரும்?

அவள் தங்கைக்கு வந்தது.

“அக்கா, அந்தப் பக்கம் மலைச்சரிவுல புது ரோடு போட்டிருக்காங்கல்ல? இது வண்டி வெளிச்சம்தான். மணல் சூட்டுல மிதக்கிற மாதிரி தெரியுது.”

“உனக்கு என்ன தெரியும்? உன் புருஷன் உயிரோட இருக்கார்.”

அந்த வார்த்தையிலேயே தங்கைக்கு வழி கிடைத்துவிட்டது.

மறுநாள் மாலை ஒளி ஐயா முன்னால் கைக்குட்டையோடு நின்றாள். “எங்க வீட்டுக்காரர் போயிட்டாருங்க.”

பொய்யில்லை. வேலைக்குத்தான் போயிருந்தார், அந்த மலைச்சரிவு ரோட்டில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டு. பெருக்கிக்கொண்டிருந்த அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தங்கை கண்ஜாடை காட்டினாள்.

ஒளி ஐயா கண்ணை மூடினார். “தெரியுதும்மா. தாகத்தோட போயிருக்கார், பாவம்.”

தண்ணீர் லாரியில் தாகம்.

“அதோ, ஒண்ணு மட்டும் அசையாம நிக்குது பார். அதான் அவர். உன்னை விட்டுப் போக மனசில்ல.”

“நான் சொன்னா கேப்பாருங்களா?”

“ஆவி யார் பேச்சையும் கேக்காதும்மா. நான் சொன்னா மட்டும் கேக்கும்.”

“வீட்டுல என் பேச்சைத்தாங்க கேப்பார். எதுக்கும் சொல்லிப் பாக்கறேன்” என்றவள், போனில் கணவனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மைக் அருகே பிடித்தாள். “ஏங்க, விளக்கை அணைங்க.”

வெளிச்சம் அணைந்தது.

“இப்ப போடுங்க.”

எரிந்தது.

ஆவியின் குரல் மைக் வழியாக மணல்மேடு முழுக்கக் கேட்டது: “போதுமா? நான் கிளம்பறேன். தண்ணிக்கு ஆளுங்க குடத்தோட காத்திட்டிருப்பாங்க.”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கூட்டமே சிரித்தது. “ஆவி போன்ல இறங்கியிருக்கு” என்று ஒளி ஐயா சமாளித்துப் பார்த்தார். “அப்ப எங்கப்பா எந்த லாரிங்க?” என்று ஒருவர் பணிவாகக் கேட்டார். கூட்டம் ஒளி ஐயாவைச் சூழ்ந்துகொண்டது.

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். “அப்போ அவர் ஒரு நாள்கூட வரலையா?”

“இல்லக்கா.”

அக்கா அழுதாள். தங்கை தடுக்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்தபின் அக்கா, “கடைச் சாவி உன்கிட்டதானே இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த மேடு இப்போது காலியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அது வேற்றுக் கிரகத்தார் வெளிச்சம் என்று ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்து, கூடாரமும் போட்டுவிட்டாராம். நீங்களும் பார்க்கக் கிளம்பினால் ஒரு வேண்டுகோள்: போகிற வழியில் உங்கள் வண்டி விளக்கைக் கொஞ்சம் அணைத்து வையுங்கள். அந்தப் பக்கம் யாராவது அதைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.