ஆட்டோடு பெண் பார்க்கப் போன தரகர்

உலகத்தில் ஆட்டைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போன ஒரே மனிதர் எங்கள் தரகர்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். திண்டுக்கல்லில் பாதிக் கல்யாணம் அவர் முடித்துவைத்தது. அதில் பாதிப் பேர் இன்னும் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், உதைப்பதற்கு. என் கல்யாணமும் அவர் கைங்கரியமே. இதற்கு மேல் எழுத எனக்கு வீட்டில் அனுமதி இல்லை.

எங்கள் நகருக்கும் தாடிக்கொம்பு சாலைக்கும் நடுவே ஒரு பொட்டல். மேல்மண்ணை லாரி லாரியாக அள்ளிப்போன பிறகு மிஞ்சிய கல்லுத்தரை. அங்கே குப்பைக் கிடங்கு வரப்போகிறது என்றார்கள். காற்று அங்கிருந்து நேராக என் வீட்டு அடுப்படிக்குத்தான் வரும். பதறிப்போய், மாநகராட்சி கூட்டிய கூட்டத்தில் எழுந்து, "அங்க நாங்க காடு வளக்கப் போறோம் சார்!" என்று கத்திவிட்டேன். நான் அதுவரை கொத்தமல்லிகூட வளர்த்ததில்லை.

அதிகாரி சிரித்தார். "தை மாசம் வந்து பாக்குறேன். பச்சை தெரிஞ்சா காடு. இல்லேன்னா குப்பை."

சீக்கிரம் வளருமென்று வெளிநாட்டு மரக்கன்றுகளை ஒரு வேன் நிறைய பேசி வைத்தேன். மோப்பம் பிடித்துத் தரகர் வந்துவிட்டார்.

"ஏன் அப்பு, ஃபாரின் சம்பந்தம்னு விசாரிக்காம முடிச்சு வெளங்காமப்போன கத அம்புட்டும் எனக்குத் தெரியும். முடிச்சுவச்சதே நான்தான். இந்த மண்ணுக்கு இங்கிட்டுப் பொறந்த பொண்ணாப் பாப்போம்."

"எப்படிண்ணே பாக்குறது?"

"இரு, மாமியாரக் கூட்டியாரேன்."

மாமியார் என்பது அவருடைய வெள்ளாடு.

கல்லறைத் தோட்டம், ரயில்வே ஓரம், கோயில் பின்பக்கம் என்று, யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாக மரம் நிற்கும் இடமெல்லாம் மூவரும் போனோம். தரகர் தழையை ஒடித்து மாமியாரிடம் நீட்டுவார். தின்றால் சம்பந்தம் முறிந்தது.

"பொட்டல்ல ஊரு ஆடெல்லாம் மேயுது. மொதல்ல இவ வாய்க்குத் தப்பணும்ல. பெறகுதான் மத்த பொருத்தம்."

வேம்பையும் ஆத்தியையும் மாமியார் ரசித்துச் சாப்பிட்டார். "நல்ல குடும்பந்தான். மூத்தவளுக வேர் புடிச்சதும் இவங்கள அழைச்சுக்குவோம்," என்றார் தரகர். புங்கையை முகர்ந்து மாமியார் முகத்தைத் திருப்பினார். வெப்பாலையைப் பார்த்துத் தும்மினார். ஆவாரைக்குப் பின்பக்கத்தைக் காட்டினார். "மூணும் பாஸு!" என்று துண்டை உதறினார் தரகர். வேனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஐப்பசி மழையில் மூன்றையும் பொட்டலில் நட்டோம். உற்சாகத்தில் தரகர் எருக்கையும் வரிசையாக நட்டுவிட்டு, "அழகா இருக்கால்ல?" என்றார். எருக்கு முளைத்தால் குடி விளங்காது என்று எங்கள் தெருவில் மூன்று பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள்.

தை பிறந்தது. வெப்பாலை இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நின்றது.

"அண்ணே, செத்துப்போச்சுண்ணே!"

"சீல மாத்துறா அப்பு. செத்த நேரம் அங்கிட்டுத் திரும்பு."

எனக்குப் பொறுமை ஏது? அதிகாரி வரும் நாளன்று விடிந்ததும் விடியாததுமாகப் பந்தல்காரரிடம் வேப்பங்கொப்பு வாங்கி, பொட்டல் முழுக்க நட்டுவைத்தேன். பார்க்க அமேசான் மாதிரி இருந்தது. ஜீப் வந்தது. பின்னாலேயே மாமியார் வந்தார், சொந்தபந்தம் அத்தனையையும் கூட்டிக்கொண்டு.

நான் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் காட்டில் பாதி காலி. செருப்பைக் கழற்றிக்கொண்டு விரட்டினேன். ஆடுகள் இடம் மாறி மென்றன.

அதிகாரி நிதானமாகக் கேட்டார்: "இதுல எதுங்க உங்க காடு? ஆடு தின்னதா, திங்காததா?"

"திங்காதது சார்," என்றேன். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டேன்.

மிச்சம் நின்றவை முழங்கால் உயரப் புங்கை, மஞ்சளாய்ப் பூத்த ஆவாரை, என் மானத்தை வாங்கிய எருக்கு, அப்புறம் அந்தக் குச்சிகள். தரகர் ஒரு குச்சியை நகத்தால் கீறிக் காட்டினார்.

"பாருங்க சார். உள்ள பச்ச."

அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு ஆட்டைப் பார்த்தார். குப்பை லாரி இன்றுவரை வரவில்லை.

இப்போது வேம்பும் ஆத்தியும்கூட மருமகள்களாக வந்துவிட்டார்கள். தரகர் கீரனூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். மாமியார் என் பொறுப்பு. தரகர் நட்ட முதல் புங்கையின் நிழலில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் யாராவது உட்காரப் போனால், "ஆள் வருது," என்று எழுப்பிவிடுகிறேன்.