இன்னொருக்கா அண்ணே மீட்டர் வாங்கிய கதை

போடிநாயக்கனூரில் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் கடைக்காரனை அழவைத்து, டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றி, கடைசியில் பொருளையும் வாங்காமல் போனவர் உலகத்திலேயே 'இன்னொருக்கா' அண்ணே ஒருவர்தான்.

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி அவர். நான் போடியில் பம்புசெட் கடை வைத்திருக்கிறேன். குழாய்க்கு ஒரு வாசர் வாங்க வந்தாலும் அண்ணே மதியச் சாப்பாட்டுத் தூக்கோடுதான் ஜீப்பை விட்டு இறங்குவார். எதைக் காட்டினாலும், "இன்னொருக்கா காட்டு அப்பு" என்பார். செருப்பு வாங்கப் போனவர் இடது காலில் புதுசும் வலது காலில் பழசுமாக ராசிங்காபுரம் ரோட்டில் பாதித் தூரம் நடந்து பார்த்தார். செருப்புக் கடைக்காரர் சைக்கிளில் பின்னாலேயே போனார்.

ஒரு கோடையில் அவர் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் சண்டை மூண்டது. இரண்டுக்கும் ஒரே ஓடைத் தண்ணீர், ஒரே இரும்புக் குழாய்; நடுவில் இரண்டாகப் பிரியும். செடிகள் காய்ந்து சுருண்டன. 'நீதான் கூட எடுக்கிறாய்' என்று இரண்டு பக்கத்து ஆட்களும் அரிவாளோடு நிற்கும் அளவுக்குப் போய்விட்டது. ஆளுக்கொரு மீட்டர் மாட்டுவது என்று முதலாளிகள் முடிவு செய்தார்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அண்ணனுக்கு. பக்கத்துத் தோட்டத்து முதலாளியே, "அந்தாள ஏமாத்துற பொறும எவனுக்கும் கெடையாது" என்று ஒப்புக்கொண்டாராம்.

முதலில் சக்கரம் சுற்றும் மீட்டரைக் காட்டினேன்.

"ஓடையில எல சருகெல்லாம் வருமே அப்பு. சக்கரத்துல சிக்குனா?"

"மீட்டரு நின்னுரும்ண்ணே."

எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

அடுத்தது அல்ட்ராசோனிக் மீட்டர். குழாயை வெட்ட வேண்டாம். வெளியே பட்டை போட்டுக் கட்டினால், காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பித் தண்ணீரின் வேகத்தைச் சொல்லிவிடும். இரண்டு கம்பெனிக்காரர்களை மலையேற்றினோம். முதல் ஆள் மீட்டரைக் கட்டியதும் அண்ணே கேட்டார்:

"இப்ப எவ்வளவு ஓடுது தம்பி?"

"நிமிசத்துக்கு இருவது லிட்டர் சார்."

"நல்லது. வால்வ அடச்சு பத்து நிமிசமாச்சு."

அந்தத் தம்பி ஜீப்புக்குக்கூடக் காத்திருக்காமல் நடந்தே குரங்கணிக்கு இறங்கிப் போனார்.

இரண்டாவது மீட்டர், வால்வை அடைத்ததும் பூஜ்யம் காட்டியது. திறந்துவிட்டு, டிரம் நிரம்பும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் குறித்து மீட்டரோடு ஒத்துப் பார்த்தோம். ஒத்துவரவில்லை. "வளைவுகிட்ட தண்ணி சொழலும் சார். நேரா போற குழாயில மாட்டணும்" என்றார் வந்தவர். மாற்றிக் கட்டினோம். கச்சிதமாக ஒத்துப்போனது.

"இன்னொருக்கா" என்றார் அண்ணே. பதினோரு தடவை டிரம் நிரம்பியது. கம்பெனிக்காரர் சட்டையைப் பிழிந்துகொண்டே ஆர்டர் வாங்கினார்.

இரண்டு கிளையிலும் மாட்டி ஒரு வாரம் பார்த்ததில், கூடுதலாக எடுத்தது அண்ணனின் தோட்டம்தான் என்று தெரிந்தது. அன்று நானும் தோட்டத்து ஆபீசில் இருந்தேன்.

"மீட்டரு கோளாறு. திருப்பிக் குடுத்துரு" என்றார் அவர் முதலாளி.

அண்ணனின் வேலை, குடியிருந்த வீடு, எல்லாம் அந்த முதலாளி கொடுத்தது. அப்படியும் அண்ணே, "பதினோரு தடவ பாத்துத்தான் வாங்குனேன் மொதலாளி. நாமதான் கூட எடுக்குறோம்" என்றார். மறுபடி பார்ப்போம் என்று அவர் சொல்லாத ஒரே நாள் அதுதான்.

மறுநாள் காலையில் முதலாளியே வந்து தன் பக்கத்து வால்வைத் திருகித் தண்ணீரைப் பாதியாக்கினார். ஒரு மாதம் அண்ணனோடு பேசவில்லை. இரண்டு தோட்டத்துச் செடிகளும் அந்தக் கோடையைத் தாண்டிவிட்டன.

முட்டி வலி வந்து, அண்ணே இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். என் கடைக்கு வருகிறவர்கள் கேட்டதை வாங்கிக்கொண்டு வெரசாப் போய்விடுகிறார்கள். ஜீப்புச் சத்தம் கேட்டால் நான் இன்னமும் எட்டிப் பார்க்கிறேன்.

போன வாரம் போனில் கூப்பிட்டார். மகள் வீட்டுக்கு ஒரு சின்ன மோட்டார் வேண்டுமாம்.

"ஓசூருல இல்லாத கடையாண்ணே?"

"கடை இருக்கு அப்பு. யாரும் உக்காரச் சொல்ல மாட்டேங்குறாக."

"பஸ்சு ஏறி வந்துருங்கண்ணே" என்றேன். போனை வைத்துவிட்டு, அவர் வழக்கமாக உட்காரும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.