சர்வேயர் வீட்டு ரோஜா செத்த காரணம்

ரோஜாச் செடி செத்ததற்கு அக்கம்பக்கத்தாரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிய மனிதர் இந்தத் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் அறந்தாங்கியில் எனக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். தாலுகா ஆபீஸில் நிலம் அளக்கிற உத்தியோகம். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை; தெருவுக்கே அவர் சர்வேயர்தான்.

அவர் மனைவி ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸ். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. ஒரு தடவை கிளம்புவதற்கு முதல் நாள், எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் ஒரு ரோஜாச் செடியை நட்டு, அடுத்த லீவுக்கு வரும்போது பூத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். ஒரே மாதத்தில் செடி செத்துப்போனது.

சர்வேயர் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி அதே குழியில் வைத்தார். அதுவும் போனது. மூன்றாவதும் போனபோது விசாரணை தொடங்கியது.

முதல் குற்றவாளி நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பும் நோட்டுமாக வந்து, நான் துணி துவைக்கும் கல்லிலிருந்து செடி வரைக்கும் அளந்தார். பதினாலு அடி. சோப்புத் தண்ணீர் எங்கிட்டு ஓடுகிறது, எத்தனை மணிக்கு ஓடுகிறது என்றெல்லாம் கேட்டு எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விசாரித்தவள் நான். அன்றைக்கு நானே பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்தது எதிர்வீட்டு ஆடு. பல் தடம் இல்லை என்று அதை விடுதலை செய்தார். பிறகு மீமிசல் கடற்கரைப் பக்கமிருந்து உப்புக்காற்று வருகிறதோ என்று சந்தேகம் வந்து, நாலாவது செடியின் இலையை நக்கிப் பார்த்தார். மண்ணையும் விடவில்லை. வெயில் எவ்வளவு படுகிறது என்று மணிக்கொரு தரம் சுண்ணாம்புக் கோடு போட்டதில் முற்றம் கபடி மைதானம் மாதிரி ஆகிவிட்டது.

ஸ்டெல்லாவுக்கு இது எதுவும் தெரியாது. வீடியோ காலில் புதுச் செடியைப் பழைய செடி என்று காட்டிவிடுவார். "என்னங்க, இது வளரவே மாட்டேங்குது?" என்று ஒரு நாள் ஸ்டெல்லா கேட்டதும், கிளையை வெட்டிக் கவாத்து பண்ணியிருக்கிறேன் என்று இவர் சமாளித்ததும் என் அடுப்படி வரைக்கும் கேட்டது.

ஆறாவது செடியும் கருகியபோது, செடி விற்கும் வண்டிக்காரரையே கூட்டி வந்தார். வண்டிக்காரர் செடியை வேரோடு பிடுங்கி முகர்ந்தார். வேர் கறுத்து, சாக்கடை வாடை அடித்தது. தண்ணீர் தேங்கி அழுகியிருக்கிறது, இந்தக் களிமண்ணுக்கு இரண்டு நாளைக்கு ஒரு செம்பு தாராளம் என்றார். காலையில் ஒரே ஒரு செம்புதான் ஊற்றுவதாக சர்வேயர் சாதித்தார்.

வண்டிக்காரர் போன பிறகு நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சார், காலையில ஒரு செம்பு சரிதான். அப்பறம் ஒவ்வொரு தடவை போன் பேசி முடிச்சதும் ஒரு செம்பு ஊத்துறீங்களே."

டியூட்டிக்குப் போகும் முன், இடைவேளையில், அறைக்குத் திரும்பிய பின் என்று ஸ்டெல்லா தினம் மூன்று தடவையாவது கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்றைக்கு வாளியே கவிழும்.

சர்வேயர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"போனை வைக்கிறப்பல்லாம் செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களான்னு கேக்குறா டீச்சர். ஊத்திட்டேன்னு சொல்லிடுறேன். அது பொய்யாயிடக் கூடாதுல்ல." பிடுங்கிப் போட்ட செடியைப் பார்த்து, "இங்கயிருந்து அவளுக்கு வேற என்னதான் செய்ய முடியுது?" என்றார்.

அப்புறம் நோட்டைத் திறந்து காரணத்தை எழுதி, கீழே அவரே கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே ஸ்டெல்லாவிடம் ஆறு செடிகளின் கதையையும் சொல்லிவிட்டார். போனில் அந்தப் பக்கம் கேட்டது சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஏழாவது செடியை மணல் கலந்து, மேடு கட்டி வைத்தார். போன் பேசி முடித்ததும் கை செம்பைத் தேடும். அதை அடக்குவதற்காக என் வாசலுக்கு வந்து நின்று, ஸ்டெல்லாவுக்கு இன்றைக்கு எந்த வார்டு, என்ன சாப்பிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவார். செடி பிழைத்தது.

ஸ்டெல்லா லீவுக்கு வந்த அன்று அதில் மூன்று பூ. ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்குவதற்குள் சர்வேயர் முற்றத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஸ்டெல்லா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க இம்புட்டு எளைச்சுப் போயிட்டீங்க?"

"பூவைப் பாரு ஸ்டெல்லா."

"பூவைப் பாக்கவா வந்தேன்?"

ஊரையே கேள்வி கேட்ட மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அடுத்த வருடம் அவருக்கு மாற்றல் வந்தது. ஸ்டெல்லாவும் மஸ்கட் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். கந்தர்வகோட்டைப் பக்கம் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிறார்கள். பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்தான். அடுத்த வீட்டுக்கு அப்புறம் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். நல்லவர்கள்தான், கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள். போன வாரம் சர்வேயர் போன் செய்து, எப்போது டீச்சர் வருவீர்கள் என்று கேட்டார். வாரேன் சார் என்றேன். போக வேண்டும்.